சுட்டி

குளிர்பெட்டிக் கதவின் ஓரத்தில்
ஒரு ரப்பர் பட்டை ஓடும், உள்ளே காந்தத்தோடு.
கிழிந்தால் பால் திரியும், மின்கட்டணம் ஏறும்.
அதற்குமேல் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.
யோசித்துப் பிழைக்கிறாள் யோலாந்தா,
போலந்தின் தோருன் நகரில்
டிராம் திரும்பும் முனையில் மூன்றாம் மாடியில்.

அவள் வலைத்தளத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பட்டைகள்.
ஒவ்வொன்றையும் தானே அளந்து
சமையலறை மேசைமேல் வைத்துப் படமெடுத்தாள்.
படங்களின் மூலையில் அங்கங்கே பூனையின் வால்.

தேடுபொறியில் அவள் இருந்தது நாலாம் பக்கம்.
நாலாம் பக்கத்துக்கு யார் வருவார்கள்?
வழி தவறியவர்கள்.
பிறகு, இன்னும் இருக்கிறோமா என்று பார்க்க
தினமும் காலையில் அவளே.

'சரக்கு நல்லதென்று நீ சொன்னால் போதாது,
நாலு பேர் சொல்லணும்' என்றான் ஃபாபியன்.
தொள்ளாயிரம் ஸ்வோட்டி வாங்கிக்கொண்டு
முந்நூறு பேரைச் சொல்லவைத்தான்.
சூதாட்டத் தளங்கள், முடி வளர்க்கும் தைலம்,
எந்த மொழியென்றே பிடிபடாத ஒரு ராசிபலன்,
எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே வாசகத்தில்
அவளைக் கைகாட்டின.
கூலிக்கு மாரடித்தால் தெரியாமலா போகும்.
ஏப்ரலில் பதினோராம் பக்கம்.

மே மாதம் முழுக்க
'இவர் எனக்கு உறவில்லை, இவர் எனக்கு உறவில்லை' என்று
முந்நூறு பேரையும் பட்டியலிட்டு எழுதிக்கொடுத்தாள்.
ஃபாபியன் தொலைபேசியை எடுக்கவில்லை.

அப்புறம்தான் செத்த சுட்டிகளைத் தேடத் தொடங்கினாள்.
ஸ்லுப்ஸ்கில் இதே பட்டை விற்ற கடையொன்று
இரண்டு வருடம் முன்பு மூடியிருந்தது.
தளமும் போய்விட்டது.
அதை நோக்கி நீட்டிய விரல்கள் மட்டும் மடங்காமல் இருந்தன:
மீன் வியாபாரிகள் சங்கம், ஒரு தொழிற்பள்ளி,
குப்பையைக் குறைக்கச் சொல்லும் நகராட்சிப் பக்கம்,
மொத்தம் நாற்பத்தொன்று.
அங்கே, அதோ, அவரிடம் என்கின்றன.
சுட்டெழுத்து இருக்கிறது, சுட்டப்பட்டவர் இல்லை.

நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியே எழுதினாள்.
'உங்கள் பக்கத்தின் பதினாறாவது வரி
இல்லாத கதவுக்கு வழி சொல்கிறது.
அதே வேலையை நான் செய்கிறேன்.
பொருத்தமென்று பட்டால் என் முகவரியைப் போடுங்கள்.
படாவிட்டாலும் அந்த வரியைத் திருத்துங்கள்,
யாரோ பாலோடு காத்திருப்பார்கள்.'
கடைசி வரியை அழித்தாள்.
மறுபடி சேர்த்தாள்.

முப்பது பேர் பதிலே போடவில்லை.
ஒருவர் காசு கேட்டார்.
ஒன்று, பெறுநர் இல்லையென்று திரும்பி வந்தது.
ஏழு பேர் சத்தமில்லாமல் மாற்றினார்கள்.
தொழிற்பள்ளி வாத்தியார் மாற்றிவிட்டுக் கேட்டார்:
வெந்நீரில் போட்டால் பட்டையின் நெளிவு போகுமா?
போகும். எழுபது டிகிரி, இரண்டு நிமிடம்.

எல்ப்லோங் ஊரில் பழைய குளிர்பெட்டிகளைச்
செப்பனிட்டுச் சேர்த்துவைத்திருக்கும் ரொமுவால்ட்
பதினெட்டு நாள் கழித்து எழுதினார்.
'அது செத்தது எனக்குத் தெரியும்.
என் தம்பியின் கடை.
எடுக்க மாட்டேன். தொந்தரவு செய்யாதீர்கள்.'

மன்னிப்புக் கேட்டு எட்டு வரி எழுதினாள்.
இரண்டு வரிதான் அனுப்பினாள்.

ஆகஸ்டில் எல்ப்லோங்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்,
நாளுக்கு ஒருவர், சில நாள் மூவர்.
போய்ப் பார்த்தாள்.
தம்பியின் பெயர் நீலத்தில், அடிக்கோட்டோடு, இருந்த இடத்திலேயே.
அதன்கீழே புதிதாக:
'இவன் இப்போது இல்லை.
பட்டை வேண்டுமென்றால் தோருனில் ஒருத்தி இருக்கிறாள்.
அளவு பிசகாது.
படத்தில் பூனை வரும், கண்டுகொள்ளாதீர்கள்.'

இப்போது இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது.
காலையில் பார்க்கிற பழக்கம் விடவில்லை.
சில நாள் தன்னைத் தேடாமல்
நேரே எல்ப்லோங் பக்கம் போய்
அந்தச் செத்த சுட்டியை ஒருமுறை அழுத்துகிறாள்.
பக்கம் கிடைக்கவில்லை என்கிறது.
சரி என்று மூடிவிட்டு
அளவுகோலை எடுக்கிறாள்.